பழைய காரும் பெட்ரோல் கணக்கும்

தோட்டப்புறங்களில் கார் என்பது ஒரு காலத்தில் துரைமாருக்கும் பெரிய கிராணிக்கும் மட்டுமே உரிய பொருளாக இருந்தது. அந்நிலை மாறி நெடுநாள் ஆகிவிட்டது. லயத்து வீடுகளின் முன்னே பழைய சாகாவும் கன்சிலும் நிற்பது இன்று வியப்புக்குரிய காட்சியன்று. பிள்ளைகளை இடைநிலைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடவும், நோயாளிகளை நேரத்தோடு மருத்துவமனையில் சேர்க்கவும், பட்டணத்துச் சந்தைக்குச் சென்று வரவும் தோட்ட மக்களுக்குச் சொந்த வாகனம் தேவைப்படுகிறது. புதிய கார் வாங்க இயலாதவர்கள் பத்து, பதினைந்து, சில வேளைகளில் இருபது ஆண்டுகள் ஓடிய காரை நாடுகின்றனர். அதில் தவறேதுமில்லை.

ஆனால், அவ்வாறு வாங்கச் செல்வோர் விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேரம் பேசுகின்றனர். கதவைத் திறந்து மூடிப் பார்க்கின்றனர். வர்ணத்தைத் தடவிப் பார்க்கின்றனர். அந்தக் கார் மாதந்தோறும் எவ்வளவு பெட்ரோல் கேட்கும் என்பதை மட்டும் விசாரிக்க மறந்துவிடுகின்றனர். கேட்டாலும் விற்பவரிடமிருந்து கிடைக்கும் மறுமொழி, "எண்ணெய் மிச்சம்" என்னும் இரு சொற்களே. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அத்தகைய வருமானம் உள்ள குடும்பத்தில் மாதம் அறுபது, எழுபது வெள்ளி வீணாகப் பெட்ரோலில் கரைவது சிறு செய்தியன்று. காரின் விலை ஒருமுறை கொடுப்பது. பெட்ரோல் செலவோ கார் இருக்கும் வரை தொடர்வது. ஆகவே, பழைய காரின் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றிய எண்களை எங்கே தேடுவது, கிடைத்த எண்களை எவ்வாறு ஒப்பிடுவது என்பதை ஈண்டு விளக்குவோம்.

ஒரே எண், வெவ்வேறு பொருள்

முதலில் அளவைகளைப் பற்றித் தெளிவு வேண்டும். நம் நாட்டில் மக்கள் பெரும்பாலும் "ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்" என்று பேசுகின்றனர். ஐரோப்பிய நாடுகளில் "100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்" என்பதே வழக்கம். முதல் முறையில் எண் பெரிதாக இருந்தால் நல்லது. இரண்டாம் முறையில் எண் சிறிதாக இருந்தால் நல்லது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிது: 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் ஓடும் கார், 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் எடுக்கும்.

குழப்பம் விளைவிப்பது காலன் கணக்கு. பழைய கார்களைப் பற்றிய குறிப்புகளில் "காலனுக்கு இத்தனை மைல்" என்றே பெரும்பாலும் காணப்படும். ஆனால் காலன் இருவகைப்படும். பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர் மட்டுமே. இதனால், "காலனுக்கு 30 மைல்" என்ற குறிப்பு அமெரிக்க ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டதாயின் லிட்டருக்கு ஏறத்தாழ 12.8 கிலோமீட்டர் என்றாகும். பிரிட்டிஷ் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டதாயின் 10.6 கிலோமீட்டரே ஆகும். அமெரிக்க எண்ணை 0.425-ஆலும், பிரிட்டிஷ் எண்ணை 0.354-ஆலும் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைத்துவிடும். இவ்விரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியில் கணக்கிடும் வசதி அனைவரிடமும் இருக்கிறது. எந்த எண்ணால் பெருக்குவது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

எண்கள் எங்கே கிடைக்கும்?

அரசாங்கங்கள் நடத்திய சோதனைகளின் முடிவுகளே நம்பத்தக்கவை. அமெரிக்க அரசாங்கம் 1984-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து இன்று வரையிலான கார்களின் எண்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டுள்ளது. பழைய டொயோட்டா, ஹோண்டா, நிஸ்ஸான் கார்களை வாங்க எண்ணுவோர்க்கு இது பயன்படும். புரோட்டோனும் பெரோடுவாவும் அந்நாட்டில் விற்கப்படாததால் அவற்றை அங்கே தேடுவது வீண்.

நம் நாட்டுக் கார்களுக்கு வேறொரு வழி உண்டு. புரோட்டோன் கார்கள் 1989-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் விற்கப்பட்டன. பெரோடுவா கன்சில், 1997 முதல் அங்கே "நிப்பா" என்னும் பெயரில் விற்பனையாயிற்று. பின்னர் கெலிசாவும் மைவியும் சென்றன. அந்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு காருக்கும் அரசாங்கச் சோதனை எண் இருக்கவேண்டும் என்பது சட்டம். எனவே, நம் மண்ணில் செய்யப்பட்ட கார் எவ்வளவு பெட்ரோல் எடுக்கும் என்பதை அறிய ஆங்கிலேயரின் ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம், ஆயினும் உண்மை. அந்நாட்டின் வாகனச் சான்றளிப்பு முகமை, 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்திய எண்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளது.

மூன்றாவது வழி ஜப்பானிய உறவு. 1985-இல் வெளிவந்த சாகாவும் பின்னர் வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டவை. கன்சில், கெலிசா, வீவா ஆகியவை டைஹாட்சு மீராவின் வழிவந்தவை. மைவி, டைஹாட்சு பூன் என்னும் காருடன் பிறந்தது. மூலக் காரின் எண்களைக் கொண்டு நம் காரின் தன்மையை ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவு மட்டுமே, ஏனெனில் இயந்திரத்தின் கொள்ளளவும் கியர்ப்பெட்டியும் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

எந்த ஏட்டில் தேடினாலும், முதலில் நாம் வாங்க விரும்பும் காரின் அடையாளத்தைத் திருத்தமாக அறிந்திருக்கவேண்டும். "பழைய வீரா" என்பது போதாது. 1,300 சி.சி.யா, 1,500 சி.சி.யா? கையால் கியர் மாற்றுவதா, தானியங்கியா? கார்புரேட்டர் உள்ளதா, எரிபொருள் பீச்சுமுறை உள்ளதா? வாகனப் பதிவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள கொள்ளளவையும் இயந்திர எண்ணையும் காரிலுள்ள இயந்திரத்தோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். பழைய கார்களில் இயந்திரத்தையே மாற்றி வைத்திருப்பதுண்டு. மாற்றப்பட்ட இயந்திரத்துக்குப் பழைய எண் பொருந்தாது.

சோதனைக்குச் சோதனை வேறுபாடு

ஒரே காரை மூன்று நாடுகளில் சோதித்தால் மூன்று விடைகள் கிடைக்கும். எவரும் பொய்யுரைத்தார் என்பது இதன் பொருளன்று. சோதனை முறையே வேறு. கார்கள் சாலையில் ஓட்டிச் சோதிக்கப்படுவதில்லை. கூடத்தினுள் உருளைகளின் மேல் சக்கரங்களை ஓடவிட்டு, வகுக்கப்பட்ட வேகத்தில், வகுக்கப்பட்ட நேரத்தில் சோதிக்கப்படுகின்றன. ஜப்பானில் 1991-இல் வந்த "10-15" என்னும் முறையில் சராசரி வேகம் மணிக்கு 23 கிலோமீட்டர் அளவே. உச்ச வேகம் 70 கிலோமீட்டர். இயந்திரம் முன்னரே சூடேற்றப்பட்டிருக்கும். இதனால் விடை மிகவும் இனிமையாக வரும். ஐரோப்பிய முறையில் இயந்திரம் குளிர்ந்த நிலையில் தொடங்கும். வேகம் 120 கிலோமீட்டர் வரை செல்லும். அமெரிக்க அரசாங்கமோ 2008-ஆம் ஆண்டு முதல் குளிர்சாதனம், கூடுதல் வேகம், குளிர்கால ஓட்டம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்ததோடு, 1984 முதல் உள்ள பழைய எண்களையும் அதே முறைக்கு ஏற்பக் குறைத்து எழுதியது. ஆகவே, ஒரு காரின் ஜப்பானிய எண்ணை மற்றொரு காரின் அமெரிக்க எண்ணோடு வைத்து ஒப்பிடுவது, ஒருவன் மரத்தில் கிடைத்த பாலையும் மற்றொருவன் மரத்தில் கிடைத்த ஒட்டுப்பாலையும் ஒரே தராசில் நிறுத்து யாருடைய மரம் நல்ல மரம் என்று தீர்ப்புக் கூறுவது போலாகும். ஒரே நாட்டின், ஒரே முறையின் எண்களையே ஒப்பிடுதல் வேண்டும்.

1980களின் விற்பனை ஏடுகளில் மற்றொரு வகை எண்ணும் உண்டு. ஜப்பானிய ஏடுகளில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் ஓடினால் கிடைக்கும் எண்ணை அச்சிட்டிருப்பர். இங்கிலாந்தில் பட்டண ஓட்டம், மாறாத 90 கிலோமீட்டர் வேகம், மாறாத 120 கிலோமீட்டர் வேகம் என மூன்று எண்கள் தரப்பட்டன. விற்பனையாளர் இவற்றுள் எதை எடுத்துரைப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மாறாத வேகத்தில், ஒரு முறையும் பிரேக் மிதிக்காமல், தோட்டத்துச் செம்மண் பாதையில் எவரும் செல்வதில்லை. பழைய ஏட்டில் மூன்று எண்கள் இருந்தால், பட்டண ஓட்டத்துக்குரிய எண்ணையே நமக்குரியதாகக் கொள்வது நலம்.

இங்கே பழைய கார் வாங்குவோர்க்கு ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. ஐரோப்பாவில் சோதனைக்கூட எண்ணுக்கும் சாலையில் காணும் எண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைத் தூய போக்குவரத்துக்கான அனைத்துலக மன்றம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2001-ஆம் ஆண்டுக் கார்களில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்தது. 2015-ஆம் ஆண்டுக் கார்களில் அது 42 விழுக்காட்டை எட்டிவிட்டது. அதாவது, பழைய கார்களின் எண்கள் உண்மைக்கு அண்மையில் நின்றன. காலம் செல்லச் செல்ல, சோதனையில் நன்றாகத் தேறும் வித்தையைத் தயாரிப்பாளர்கள் கற்றுக்கொண்டனர். இக்குறையைக் களையவே 2017-இல் ஐரோப்பாவில் புதிய சோதனை முறை புகுத்தப்பட்டது.

"பழையதாகிவிட்டால் எப்படியும் எண்ணெய் அதிகம் குடிக்கும்" என்று கூறுவோர் உளர். இது முழு உண்மையன்று. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார்களை அமெரிக்க அரசாங்கம் சோதித்தபோது, முறையாகப் பராமரிக்கப்பட்டவற்றின் சிக்கனம் மிகச் சிறிதளவே குறைந்திருக்கக் காணப்பட்டது. பராமரிக்கப்படாத காரின் கதை வேறு. ஆரம்பகாலச் சாகாவும் கன்சிலும் கார்புரேட்டர் கொண்டவை. அத்தகைய காரில் காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால், புதியது மாற்றுவதாலேயே 2 முதல் 6 விழுக்காடு வரை பெட்ரோல் மிச்சமாகலாம். எரிபொருள் பீச்சும் கார்களில் வடிகட்டியால் இந்த அளவு வேறுபாடு ஏற்படுவதில்லை. ஆனால் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி பழுதானால் இழப்பு மிகப் பெரிதாகும். அதனை மாற்றிய கார்களில் 40 விழுக்காடு வரை முன்னேற்றம் காணப்பட்டதுண்டு.

வெள்ளிக் கணக்கு

இனி, எண்ணைப் பணமாக மாற்றுவோம். பலர் இடறி விழும் இடம் இதுவே. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் காரை விட்டு 10 கிலோமீட்டர் ஓடும் காருக்கு மாறுவதும், 14 ஓடும் காரை விட்டு 16 ஓடும் காருக்கு மாறுவதும் ஒன்றே என்று தோன்றும். இரண்டிலும் வேறுபாடு 2 கிலோமீட்டர்தானே! மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். 8 ஓடும் கார் 125 லிட்டர் எடுக்கும். 10 ஓடும் கார் 100 லிட்டர் எடுக்கும். மிச்சம் 25 லிட்டர். 14 ஓடும் காருக்கு ஏறத்தாழ 71 லிட்டர். 16 ஓடும் காருக்கு 62 லிட்டருக்குச் சற்று மேல். மிச்சம் 9 லிட்டரே. ஆகவே, இரண்டு சிக்கனமான கார்களுக்கிடையே எதைத் தேர்வது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதிகம் குடிக்கும் காரைத் தவிர்ப்பதில்தான் பெரும் பணம் அடங்கியுள்ளது. ஐரோப்பியர் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவதன் நன்மையும் இதுவே. அம்முறையில் இத்தகைய மயக்கம் நேராது.

எடுத்துக்காட்டாக, பட்டணத்துக் கடையில் இரு கார்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 6,000 வெள்ளி. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடும். மற்றொன்று 8,000 வெள்ளி. 13 கிலோமீட்டர் ஓடும். எதை வாங்குவது? இக்கேள்விக்குக் காரைப் பார்த்து விடை கூற முடியாது. வாங்குபவரின் வாழ்க்கையைப் பார்த்தே கூற முடியும்.

பட்டணத்திலிருந்து 15 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தோட்டத்தில் வாழும் ஒருவர், மனைவியை நாள்தோறும் பட்டணத்துத் தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்று திரும்ப வேண்டியவர். ஞாயிறு பயணங்களையும் சேர்த்தால் மாதம் 1,000 கிலோமீட்டராவது ஓடும். முதல் காருக்கு 111 லிட்டர். இரண்டாவதற்கு 77 லிட்டர். வேறுபாடு 34 லிட்டர். 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் "புடி95" திட்டம் தொடங்கியபோது தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்விலையில் வேறுபாடு மாதம் 68 வெள்ளி. ஆண்டுக்கு 816 வெள்ளி. கூடுதலாகக் கொடுத்த 2,000 வெள்ளி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் இலாபம்.

மற்றொருவர், வாரம் இருமுறை மட்டும் பட்டணம் செல்பவர். மாதம் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவர். அவருக்கு வேறுபாடு 10 லிட்டர் அளவே. மாதம் 20 வெள்ளி. ஆண்டுக்கு 245 வெள்ளி. 2,000 வெள்ளி திரும்புவதற்கு எட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தப் பழைய கார் உயிரோடு இருக்குமா என்பதே ஐயம். அவர் 6,000 வெள்ளிக் காரை வாங்கி, மிஞ்சிய பணத்தில் புதிய டயர்களும் பிரேக்கும் போட்டுக்கொள்வதே அறிவுடைமை. அதிகம் குடிக்கும் கார்தான் அவருக்கு இலாபமான கார்!

இதில் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. மேற்கூறிய சலுகை விலை, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் குடிமக்களுக்கே உரியதாக அறிவிக்கப்பட்டது. சிவப்பு அடையாள அட்டையுடன் வாழும் தோட்டத்து மூத்தோர்க்கு அது பொருந்தாது. திட்டம் தொடங்கிய வேளையில் மானியமற்ற விலை 2 வெள்ளி 60 காசாக இருந்தது. அவ்விலையில் கணக்கிட்டால் முதல் குடும்பத்தின் வேறுபாடு மாதம் 89 வெள்ளியாக உயர்கிறது. சிக்கனமான கார் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தன் கூடுதல் விலையை ஈட்டிவிடும். ஆகவே, கணக்குப் போடும்போது தாம் உண்மையில் கொடுக்கும் விலையையே ஒவ்வொருவரும் எழுதிக்கொள்ள வேண்டும். சாலை வரியையும் சேர்த்துக்கொள்ளலாம். தீபகற்பத்தில் 1,000 சி.சி. வரை உள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1,401 முதல் 1,600 சி.சி. வரை 90 வெள்ளி. பெட்ரோலோடு ஒப்பிட இது சிறு தொகையே.

நாமே அளந்து பார்த்தல்

ஏட்டு எண்கள் இரு கார்களை ஒப்பிடுவதற்கு உதவும். ஆனால் ஒரு குறிப்பிட்ட பழைய கார், நம் பாதையில், நம் சுமையோடு எவ்வளவு எடுக்கும் என்பதை எந்த ஏடும் கூறாது. அதனை அளப்பதற்குப் பொறியியல் அறிவு தேவையில்லை. பெட்ரோல் குழாய் தானே முதன்முறை நிற்கும் வரை தொட்டியை நிரப்புக. அதற்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றலாகாது. ஓட்டமானியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்க. வழக்கம்போல் ஓட்டுக. பின்னர் அதே நிலையத்தில், இயன்றால் அதே குழாயில், மீண்டும் முதன்முறை நிற்கும் வரை நிரப்புக. ஓடிய தொலைவை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை வரும். 286 கிலோமீட்டர் ஓடி 26 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 11 கிலோமீட்டர்.

எவ்வளவு தூரம் ஓட்டி அளப்பது என்பது முக்கியம். குழாய் நிற்பதில் அரை லிட்டர் முன்பின் ஆகலாம். 100 கிலோமீட்டர் ஓடி 8 லிட்டர் பிடித்த காரில் அரை லிட்டர் பிழை என்பது 6 விழுக்காடு. அது கணக்கையே கெடுத்துவிடும். 400 கிலோமீட்டர் ஓடி 32 லிட்டர் பிடித்தால் அதே பிழை ஒன்றரை விழுக்காடாகச் சுருங்கிவிடும். எனவே, "கடையிலிருந்து எடுத்து ஒரு சுற்றுப் போய் வந்தேன், ஊசி அசையவே இல்லை" என்பது சான்றாகாது. பழைய கார்களின் எண்ணெய் ஊசி அசையாமைக்குக் காரணம் ஊசியின் பழுதாகவும் இருக்கலாம்.

ஓட்டமானியையும் முழுமையாக நம்பலாகாது. முந்தைய உரிமையாளர் டயரின் அளவை மாற்றியிருந்தால் அது தவறாகக் காட்டும். சிறிய டயர் போட்டிருந்தால் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டி, காரைச் சிக்கனமானதாகத் தோற்றுவிக்கும்; பெரிய டயர் அதற்கு நேர்மாறு. நெடுஞ்சாலையோரத்தில் உள்ள கிலோமீட்டர் பலகைகளைக் கொண்டு 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஓட்டமானி 10.5 காட்டினால், கிடைக்கும் விடையில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதற்கு முன் 400 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க எந்தக் கடைக்காரரும் இசையமாட்டார். அதே தோட்டத்திலோ அண்டைத் தோட்டத்திலோ அதே வகைக் காரை வைத்திருப்பவரிடம், அவர் மாதம் எத்தனை வெள்ளிக்குப் பெட்ரோல் போடுகிறார், எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்று கேட்டறிவது அடுத்த நல்ல வழி. அவருடைய பாதையும் நம் பாதையே. அவர் ஏறும் மேடும் நாம் ஏறும் மேடே. "நல்ல காரா?" என்று கேட்டால் எவரும் தம் காரைப் புகழ்ந்துதான் பேசுவர், வெள்ளியையும் கிலோமீட்டரையும் கேட்டால் உண்மை வெளிவரும்.

வாங்கிய பின்னும் அளப்பதை நிறுத்தவேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் பழைய குறிப்பேடு ஒன்றைக் காரிலேயே வைத்து, ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் நாள், கிலோமீட்டர், லிட்டர் ஆகிய மூன்றையும் பிள்ளைகளைக் கொண்டே எழுதிவரச் செய்யலாம். ஐந்து மாதங்களாக லிட்டருக்கு 12 ஓடிய கார், ஆறாம் மாதம் 10-க்கு இறங்கினால், அக்குறிப்பேட்டைப் பட்டறைக்காரரிடம் காட்டுக. டயரில் காற்று குறைந்துள்ளதா, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா, கார்புரேட்டரின் சோக் திறக்காமல் நிற்கிறதா என்று அவர் அந்த வரிசையிலேயே பார்க்கத் தொடங்குவார். முதலிரண்டையும் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது.